கொழும்பில் புதிதாகக் குடியேறும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு: பங்கில் பெயர் பதியும் வழி

வீடு எடுத்ததும் வீட்டுக்காரரோடு ஒப்பந்தம் எழுதுவோம், கரண்ட் பில்லைப் பார்ப்போம், கிராம சேவகரைப் போய்ச் சந்திப்போம். சேர்ச்சை மட்டும் 'ஞாயிறு போய் வந்தால் சரிதானே' என்று விட்டுவிடுவோம். ஊரில் அது போதும். அங்கே பங்குத்தந்தைக்கு உங்கள் அப்பாவையும் தெரியும், அப்பப்பாவையும் தெரியும். கொழும்பில் ஒரே கோயிலில் மூன்று மொழியிலும் பூசை நடக்கும். பூசைக்கு வருபவர் எந்தத் தொடர்மாடியில் இருக்கிறார் என்று பக்கத்தில் முழந்தாளிடுபவருக்கே தெரியாது.

மன்னாரிலிருந்து வந்த எங்களுக்கு மகளின் பள்ளிக்கூடத்துக்காக ஒரு கடிதம் எடுக்கவே மாதக்கணக்கில் இழுபட்டது. ஒருவர் கேட்ட பத்திரத்தைக் கொண்டுபோனால் அடுத்தவர் வேறொன்று கேட்பார். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். கீழே இருப்பதில் பெரும்பகுதி கத்தோலிக்கருக்கானது. மற்றச் சபைகளைச் சேர்ந்தவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி எழுதியிருக்கிறேன்.

இந்தக் காலத்தில் சேர்ச்சுக்குப் போய் என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்கள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆன்மிகத்தை நான் விளக்கப் போவதில்லை, அதற்கு பாதர் இருக்கிறார். என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். இந்த நகரத்தில் சம்பளத்துக்கோ வாடகைக்கோ சம்பந்தமில்லாமல் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆட்கள் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. அப்படி ஒன்று நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் பெயர் பதிந்து, முகமும் பழகினால்தான் அது உங்களுக்கு உதவும்.

1. எது உங்கள் பங்கு?

கத்தோலிக்கருக்குப் பங்கு, அதாவது ஒரு கோயிலின் பொறுப்பில் உள்ள பகுதி, விருப்பத் தெரிவு அல்ல, நீங்கள் வசிக்கும் இடத்தைப் பொறுத்தது. வெள்ளவத்தையில் இருப்பவர் புனித லாரன்ஸ் ஆலயத்தையும், பம்பலப்பிட்டியில் இருப்பவர் புனித மரியாள் ஆலயத்தையும், கொட்டாஞ்சேனையில் இருப்பவர் புனித லூசியா பேராலயத்தையும் முதலில் விசாரிக்கலாம். ஆனால் எல்லை எந்த ஒழுங்கையோடு முடிகிறது என்பது அங்கே கேட்டால்தான் தெரியும். வீதியின் இந்தப் பக்கம் ஒரு பங்கு, அந்தப் பக்கம் இன்னொன்று என்று இருக்கும். உங்கள் வீட்டு இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். வீதிப் பெயர் மட்டும் போதாது.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறவர்கள் அதுவே தங்கள் கோயில் என்று நினைத்துக்கொள்வார்கள். பொரளை சகல புனிதர் ஆலயத்தில் புதன் நவநாளுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். பக்திக்கு எங்கேயும் போகலாம், தடையில்லை. கடிதம் தேவைப்படும் நாளில் மட்டும் 'நீங்கள் எந்தப் பங்கு?' என்றுதான் கேட்பார்கள். அதன் எல்லைக்குள் நீங்கள் வசிக்காவிட்டால், எத்தனை வருடம் மெழுகுதிரி கொளுத்தியிருந்தாலும் அங்கே கடிதம் கிடைக்காது.

இன்னொன்று: காலி வீதியில் பஸ்ஸில் போகும்போது தெரிகிற கோபுரமெல்லாம் கத்தோலிக்கக் கோயில் இல்லை. மிலாகிரிய புனித பவுல் ஆலயம் அங்கிலிக்கன் சபையுடையது. உள்ளே போவதற்கு முன் பெயர்ப் பலகையை வாசியுங்கள்.

2. தமிழ்ப் பூசை எத்தனை மணிக்கு?

இணையத்தில் இருக்கும் நேரத்தை நம்பிப் போகாதீர்கள். தவக்காலத்திலும் நத்தார் காலத்திலும் திருவிழா வாரத்திலும் நேரம் மாறும். கோயில் வாசல் பலகையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிங்களப் பூசைகளுக்கு நடுவே ஞாயிறன்று தமிழில் ஒன்றே ஒன்று வைக்கும் பங்குகளும் உண்டு. அதைத் தவறவிட்டால் சனிக்கிழமை மாலைப் பூசை இருக்கிறதா என்று பாருங்கள், அது ஞாயிறுக் கடமைக்குச் செல்லும்.

சிங்களப் பூசைக்கும் இடையிடையே போங்கள் என்பேன். ஒழுங்கு ஒன்றேதான், எந்த இடத்தில் என்ன சொல்கிறார்கள் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சிங்களம் பிடிபடாத என் மனைவி மன்றாட்டுகளைக் கேட்டுக் கேட்டே கடையில் பேரம் பேசும் அளவுக்கு வந்துவிட்டார்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பெரிய நாட்களில் வாசலில் சோதனை இருக்கும். பெரிய பை, பொதி ஒன்றும் வேண்டாம். நத்தார் இரவும் பாஸ்கா இரவும் நேரத்தோடு போங்கள். குழந்தையின் பால் போத்தலை வெளியே தெரியும்படி கையில் வைத்திருந்தால் வரிசை சீக்கிரம் நகரும்.

3. பத்திரங்கள்

அலைச்சலின் முக்கால்வாசி இதில்தான். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னரே எடுக்கக்கூடியதை எடுத்துவிடுங்கள்.

- குடும்பத்தில் ஒவ்வொருவரின் ஞானஸ்நான அத்தாட்சிப் பத்திரம்
- கோயிலில் நடந்த கல்யாணத்தின் பத்திரமும், பதிவுத் திருமணச் சான்றிதழும்
- பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்
- பழைய பங்குத்தந்தையிடமிருந்து ஒரு கடிதம்: 'இந்தக் குடும்பம் என் பங்கைச் சேர்ந்தது' என்று இரண்டு வரி போதும்
- பெரியவர்களின் அடையாள அட்டைப் பிரதி
- கொழும்பு முகவரிக்கு ஒரு சான்று

கடைசியில் இருப்பதில்தான் வாடகைக்கு இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், அடையாள அட்டையில் ஊர் விலாசம் இருக்கும். வாடகை ஒப்பந்தத்தின் பிரதியைக் கொண்டுபோங்கள். ஒப்பந்தமே எழுதாமல் அனெக்ஸில் இருப்பவர் என்றால், பங்கில் ஏற்கெனவே பதிந்த ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். 'இவர்களை எனக்குத் தெரியும்' என்று அவர்கள் சொல்வது பல இடங்களில் எடுபடும்.

ஞானஸ்நானப் பத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது பிறப்புப் பத்திரம் போல ஒருமுறை எடுத்துப் பெட்டியில் வைப்பது அல்ல. மூலப் பதிவு நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் பெரிய பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவின் ஓரத்தில் உறுதிப்பூசுதலும் கல்யாணமும் பின்னர் குறிக்கப்படும். அதனால்தான் கல்யாணத்துக்கு 'ஆறு மாதத்துக்குள் எடுத்த பிரதி' கேட்கிறார்கள். இருபது வருடத்துக்கு முன் எடுத்த பத்திரத்தில் ஓரக்குறிப்பு ஒன்றும் இருக்காது.

புதிய பிரதிக்கு ஊர்ப் பங்குக்கு எழுதும்போது முழுப் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் நடந்த வருடம், அப்பா அம்மா பெயர், ஞானப்பெற்றோர் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். பழைய பத்திரம் இருந்தால் அதில் உள்ள பதிவு இலக்கத்தையும் சேருங்கள், தேடுகிறவருக்கு மணித்தியாலக் கணக்கில் வேலை மிச்சம். ஆயர் இல்லத்துக்கு எழுதிக் காத்திருக்காதீர்கள். திருகோணமலையும் மட்டக்களப்பும் 2012-இல் தனித்தனி மறைமாவட்டமாகப் பிரிந்தன, பதிவேடு மட்டும் அந்தந்தப் பங்கிலேயேதான் இருக்கிறது.

போரில் பதிவேடு அழிந்திருந்தால்? வன்னியிலிருந்து வந்த பலருக்கு இந்தப் பிரச்சினை. இதற்குத் திருச்சபைச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஞானஸ்நானத்தைக் கண்ணால் கண்ட, நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும். வளர்ந்த பிறகு ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் அவருடைய சொந்தச் சத்தியமே போதும். ஞானத்தாயோ பெரியம்மாவோ உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள். இதற்குச் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டுமா என்று முதலில் பாதரிடம் கேட்டுவிட்டுப் பிறகு காசைச் செலவழியுங்கள்.

பெயர் எழுத்துகளை இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். ஞானஸ்நானப் பதிவில் 'சவிரிமுத்து மேரி ஸ்ரெல்லா', பிறப்புப் பத்திரத்தில் 'ஸ்டெல்லா', அடையாள அட்டையில் இன்னொன்று என்று இருந்தால் பள்ளிக்கூட நேர்முகத்தில்தான் அது வெளியே வரும். அந்த நேரத்தில் திருத்த அவகாசம் இருக்காது.

4. பாதரை எப்போது பார்ப்பது?

ஞாயிறு பூசை முடிந்த கையோடு போகாதீர்கள். அந்த நேரத்தில் வீட்டுக்கு மந்திரிப்பு, பூசைக்குப் பெயர் கொடுப்பது, கல்யாண ஓலை (கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) என்று ஒரு கூட்டம் அவரைச் சுற்றி நிற்கும். வாரநாள் மாலைப் பூசைக்குப் போய், முடிந்ததும் கோயில் கந்தோரில் பாருங்கள். முதல் சந்திப்பில் ஒரு கடிதமும் கேட்காதீர்கள். 'இன்ன இடத்திலிருந்து வந்திருக்கிறோம், பதிய வேண்டும்' என்று மட்டும் சொல்லுங்கள். பாதர் சிங்களவராக இருந்தால் பதற வேண்டாம். தமிழ் பேசும் உதவிப் பங்குத்தந்தையோ சிஸ்டரோ இருக்கிறாரா என்று கேளுங்கள்.

காலக் கணக்கும் ஒன்று இருக்கிறது. நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு வந்தவர் வந்த நாளிலிருந்தே அந்தப் பங்கின் ஆள். குறுகிய காலத்துக்கு வந்தவர்கூட மூன்று மாதம் இருந்தால் திருச்சபைச் சட்டப்படி அங்கே தற்காலிக உறைவிடம் பெறுவார். கல்யாணத்துக்கு ஒரு மாத வசிப்பே போதும். சட்டம் இப்படி. பள்ளிக்கூடக் கடிதம் எழுதுவதற்கு முன் உங்களை எத்தனை ஞாயிறு கண்டிருக்க வேண்டும் என்பது பாதரின் விருப்பம், அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

5. செலவு

அருட்சாதனங்களுக்கு விலை கிடையாது. ஏழை என்பதற்காக யாருக்கும் மறுக்கக் கூடாது என்பதும் சட்டம். கொடுப்பது காணிக்கை. பத்திரப் பிரதிக்கும் பூசைக்கும் எவ்வளவு என்று கந்தோரில் கூச்சப்படாமல் கேட்கலாம். மாதக் காணிக்கைக்கு உறை கொடுக்கும் இடங்களில் உங்களால் முடிந்ததைப் போடுங்கள். நூறு ரூபாயாக இருந்தாலும் மாதா மாதம் போடுங்கள், ஒரே நாளில் ஐயாயிரம் போட்டுவிட்டுப் பிறகு காணாமல் போவதைவிட அது மேல்.

உண்மையான செலவு கோயிலுக்கு வெளியேதான். ஞானஸ்நான உடுப்பு, கேக், போட்டோக்காரர், மண்டபம், வீட்டில் சாப்பாடு. போட்டோக்காரரிடம் முற்பணம் கொடுப்பதற்கு முன் கோயிலுக்குள் எங்கே நின்று எடுக்கலாம் என்று பாதரிடம் கேளுங்கள். பலிபீடத்தின் மேல் ஏறி நின்று வீடியோ எடுக்க விடமாட்டார்கள், அதற்காக அங்கே சண்டை பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அலங்காரம் ஒன்றும் இல்லாமல் மற்றக் குழந்தைகளோடு சேர்த்து ஞானஸ்நானம் கொடுத்தால் செலவே இல்லை என்று சொல்லலாம். எனக்குக் கேட்டால் அதுதான் அழகு.

6. பிள்ளைகளின் விஷயம்

ஞானப்பெற்றோரைத் தெரிவு செய்யும்போது இதைக் கவனியுங்கள்: 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும், பிள்ளையின் அப்பா அம்மாவாக இருக்கக் கூடாது. ஒருவரே போதும், இருவர் கட்டாயமில்லை. மெதடிஸ்த நண்பரைக் கத்தோலிக்க ஞானத்தந்தையோடு சாட்சியாக நிறுத்தலாம். எவ்வளவு நெருக்கமான இந்து நண்பராக இருந்தாலும் அந்த இடத்தில் நிற்க முடியாது. அழைப்பிதழ் அடித்த பிறகு இதைச் சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

பள்ளிக்கூடம்: தரம் 1-இல் சேர ஜனவரி 31-இல் 5 வயது நிரம்பியிருக்க வேண்டும். விண்ணப்பம் அதற்கு முந்திய வருடமே தொடங்கிவிடும். கத்தோலிக்கப் பாடசாலைகள் ஞானஸ்நானப் பத்திரத்தோடு பங்குத்தந்தையின் கடிதத்தையும் கேட்கும். ஆகவே பிள்ளைக்கு மூன்று வயதாகும்போதே நீங்கள் பங்கில் பதிந்திருந்தால் நல்லது. விண்ணப்ப மாதத்தில் மட்டும் முன்வரிசையில் வந்து உட்காரும் பெற்றோரை பாதர்மார் வருடா வருடம் பார்க்கிறார்கள், முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மறைக்கல்வி வகுப்பில் சேர்க்கும்போது தமிழ் மொழி வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண தரத்தில் கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் வெவ்வேறு பாடங்கள். சபை மாறிய குடும்பங்கள் இதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

7. கல்யாணம்

ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். புதிய ஞானஸ்நானப் பிரதி, திருமண ஆயத்த வகுப்பு, இரண்டு பங்கிலும் ஓலை வாசிப்பு, தடையில்லை என்ற கடிதம் எல்லாவற்றுக்கும் நாள் வேண்டும். இருவரில் ஒருவர் வேறு மறைமாவட்டம் என்றால் ஆயர் இல்லத்து முத்திரையும் கேட்கலாம், அதற்கும் நாள் விடுங்கள். ஒருவர் இந்து என்றால் ஆயரின் விதிவிலக்கு வேண்டும், மற்றச் சபைக் கிறிஸ்தவர் என்றால் அனுமதி. இதைக் கடைசி வாரத்தில் வெளியே விடாமல் முதல் நாளே பாதரிடம் சொல்லிவிடுங்கள். தவக்காலத்தில் வரும் தேதிக்கு மண்டபம் எடுத்து முற்பணம் கட்டாதீர்கள்.

8. மற்றச் சபையைச் சேர்ந்தவர்கள்

மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபையினருக்குப் பங்கு எல்லைச் சிக்கல் குறைவு. விரும்பிய இடத்தில் சேரலாம். ஊர்ச் சபையிலிருந்து அங்கத்துவ மாற்றுக் கடிதம் வாங்கி வாருங்கள், ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் நடந்த தேதிகள் அதில் இருக்கட்டும். ஜிந்துப்பிட்டி புனித தோமா ஆலயம் போல நெடுநாள் தமிழ்ச் சபைகளும் உண்டு, ஒரே கட்டடத்தில் மும்மொழி ஆராதனை நடக்கும் சபைகளும் உண்டு. சந்தா கட்டிய அங்கத்தவருக்கே சபைக் கூட்டத்தில் வாக்கு என்பதால் முதல் மாதமே அதைக் கேட்டு வையுங்கள்.

வீட்டில், மாடியில், மண்டபத்தில் கூடும் ஜெபக் குழுக்களுக்கு யாராவது அழைப்பார்கள். போய்ப் பார்ப்பது உங்கள் விருப்பம். அடையாள அட்டையின் மூலப் பிரதியையோ பிள்ளைகளின் பத்திரங்களையோ 'பதிவுக்கு' என்று கேட்டால் கொடுக்காதீர்கள். சுகத்துக்கும் விசாவுக்கும் தொகை சொல்லிக் காணிக்கை கேட்கும் இடத்தில் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள்.

9. பதிந்தாயிற்று, அப்புறம்?

பதிவேட்டில் பெயர் ஏறினால் கடிதம் கிடைக்கும். ஆட்கள் கிடைக்க வேண்டுமானால் ஒரு சின்ன வேலையை எடுங்கள். பாட்டுக் குழு, வாசகம், வின்சென்ட் டி போல் சபை, மரியாயின் சேனை, அன்பியக் கூட்டம் (அயல் குடும்பங்கள் சேர்ந்து செபிப்பது), எதுவாக இருந்தாலும் சரி. பெஞ்சு துடைக்கப் போனாலும் சரிதான். நான் போனது திருவிழாவுக்குக் கொடிக்கம்பம் நடும் வேலைக்கு. மண்வெட்டியைக் கையில் வாங்கும்போதே பக்கத்தில் நின்றவர் 'தம்பி எவடம்?' என்று கேட்டார். மன்னார் என்றதும், எங்கள் ஒழுங்கையில் யார் யார் வீடு என்று அவரே சொல்லத் தொடங்கிவிட்டார். இப்போது இருக்கும் வீடு அவர் சொல்லிக் கிடைத்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்த இரவில் ஓட்டோ பிடித்துத் தந்ததும் அவர் மகன்தான்.

தொலைபேசியில் நேரலைப் பூசை பார்த்தால் போதாதா? படுக்கையில் கிடப்பவருக்கு அது வரப்பிரசாதம். கால் நடக்கிறவருக்கு அது போதாது. அமெரிக்காவில் 74,000-க்கும் மேற்பட்ட பெண் தாதியரை 16 வருடம் தொடர்ந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் ஆராதனைக்குப் போனவர்களிடம், போகவே போகாதவர்களைவிட இறப்பு வீதம் 33 வீதம் குறைவாக இருந்தது. போனதனால்தான் ஆயுள் கூடியது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்கள் எண்ணியது ஆராதனைக்கு நேரே போனவர்களை. என் அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கொழும்பில் அவர் நாலு பேரோடு வாய்விட்டுத் தமிழில் கதைப்பது பூசை முடிந்து வாசல் படியில் நிற்கும் அந்த அரை மணித்தியாலத்தில்தான்.

வேலை தேடித் தரும் இடமாக மட்டும் கோயிலை நினைக்காதீர்கள். முதல் மாதமே எல்லாரிடமும் வேலை கேட்டுத் திரிந்தால் இரண்டாம் மாதம் உங்களைக் கண்டதும் ஒதுங்குவார்கள்.

10. வருத்தம், இறப்பு, வீடு மாறுதல்

வீட்டில் வயதானவர் இருந்தால் கந்தோர் இலக்கத்தையும் பாதரின் இலக்கத்தையும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் மட்டும் கொடுப்பது அல்ல, பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்னும் கேட்கலாம். மாதம் ஒருமுறை வீட்டுக்கு நற்கருணை கொண்டுவர முடியுமா என்றும் கேளுங்கள், பெயர் பதிந்திருந்தால் அந்தப் பட்டியலில் சேர்ப்பது சுலபம்.

வீட்டில் இறப்பு நேர்ந்தால் முதலில் கிராம சேவகருக்கு அறிவித்து, இறப்புப் பதிவுக்கான அறிக்கையை வாங்குங்கள். மலர்ச்சாலைக்காரர் நேரம் குறித்துவிட்டுப் பிறகு பாதரைத் தேடினால், அந்த நேரத்தில் அவருக்கு வேறு பூசை இருக்கும். பாதரிடம் நேரம் கேட்டுவிட்டே பொரளைக் கனத்தையிலோ மாதம்பிட்டியிலோ நேரம் எடுங்கள். ஊருக்குக் கொண்டுபோவதென்றால், இங்கிருந்தே ஊர்ப் பங்குத்தந்தைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து வத்தளைக்கு, தெஹிவளையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு என்று வாடகை வீடு மாறினால் பங்கும் மாறும். சாமான் ஏற்றுவதற்கு முந்திய கிழமையே பழைய பங்கில் கடிதம் வாங்கிவிடுங்கள். பிள்ளைக்கு அங்கே முதல் நன்மையோ உறுதிப்பூசுதலோ நடந்திருந்தால் அதன் பத்திரத்தையும் அப்போதே கேளுங்கள். போட்டோகொப்பி இரண்டு எடுத்து, ஒன்றை ஊரில் இருக்கும் யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.